வழி கேட்கிறவர்களும் நிலம் கேட்கிறவர்களும்

திருவண்ணாமலையில் குடியிருக்கிறவனுக்கு வழி சொல்வதே ஒரு வேலை. சென்னை விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தாண்டி இங்கே வருகிறார்கள். காருக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம், வழியில் நல்ல ஓட்டல் இருக்கா என்று கேட்கிறார்கள். தப்பில்லை. ஊருக்குப் புதிதாய் வருகிறவன் இதைத்தான் கேட்பான். என் கேள்வி வேறு. ஒரு மண்ணின் மேல் ஏறிப் போகிறவனுக்கு, அந்த மண்ணில் யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிற கடமை உண்டா இல்லையா? காசு கொடுத்தேன், கணக்கு தீர்ந்தது என்று அவன் போய்விடலாமா?

இதைப் பலாலியை வைத்துக் கேட்கிறேன். எங்கள் மாவட்டத்திலும் ஈழத்துச் சனங்கள் இருக்கிற முகாம்கள் உண்டு. 2021இல் அகதி முகாம் என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பெயர் மாறினால் வாழ்வு மாறிவிடுமா என்பது தனிக் கதை.

யாழ்ப்பாணத்தின் வடகோடியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது பலாலி விமானத்தளம். 1990 ஜூனில் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்திய துணியோடு ஓடினார்கள். அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. 2009இல் போர் முடிந்தது. சனம் திரும்பவில்லை, உல்லாசப் பயணி வந்தான். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே 'தல்செவன' என்ற பெயரில் விடுதி நடத்தத் தொடங்கியது. அந்த மண்ணில் பிறந்தவன் முகாமில் கிடக்க, வெளியூர்க்காரன் அறை எடுத்து அந்தக் கடலில் குளித்தான். 2013இல் வலிகாமத்தில் ஆறாயிரத்து முந்நூறு ஏக்கருக்கு மேல் அரசு எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். 2019 அக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானம் போகிறது. இறங்கிச் சில மைல் போனால் காங்கேசன்துறைக் கடற்கரை.

2025 ஏப்ரலில், முப்பத்தைந்து வருசம் கழித்து, வசாவிளான் - பலாலி வீதியைத் திறந்தார்கள். திறந்தபோது போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து வரைதான் போகலாம். நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. நடந்து போகக் கூடாது. நடக்கக் கூடாத தெரு என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வைக்கத்தில் 1924இல் போராடியதே அந்தத் தெருவுக்காகத்தான்.

சரி, இராணுவம் போய்விட்டால் தீர்ந்துவிடுமா? முகாமில் ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்க ஊரு நிலத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் தராங்களாமே, போவலாமில்ல?"

"காணி உறுதி இருக்கிறவைக்குத் தாறாங்கள் தம்பி. நாங்கள் அவையின்ர காணியில குடியிருந்த ஆக்கள். அப்பாவுக்குச் சீவல் தொழில். எங்களுக்கு ஆர் உறுதி எழுதித் தந்தவை?"

உறுதி என்றால் நம் ஊரில் பத்திரம். பத்திரம் இல்லாதவனுக்கு அகதி ஆவதற்குக்கூட ஒரு நிலம் பாக்கி இல்லை. பிடுங்கப்பட்டது அவனுடையது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. யாழ்ப்பாணத்து முகாம்களில் கடைசி வரை தேங்கிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காணி உள்ளவர்களும், கொழும்பிலோ கனடாவிலோ உறவு உள்ளவர்களும் வெளியேறிவிட்டார்கள். மற்றவர்களுக்கு வெளியே காணி வாங்கவும் சாதி குறுக்கே நின்றது.

இது போர் செய்த வேலை மட்டுமில்லை. அதே வட்டாரத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழையப் போனபோது வாசலில் மறித்தார்கள். மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். சிங்கள இராணுவம் வேலி போடுவதற்கு முன்பே அங்கே ஒரு வேலி இருந்தது. நாமும் யோக்கியர்கள் இல்லை. எங்கள் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைத்தது 2023 ஜனவரி 30இல், போலீஸ் காவலோடு.

தோழர் ஒருவர் கேட்டார்: "சுற்றுலாக்காரன் என்னய்யா பண்ணுவான்? அவனா விரட்டினான்? அவன் வந்தா நாலு பேருக்கு வேலை கிடைக்குது." நியாயமான கேள்வி. அவன் விரட்டவில்லை. ஆனால் விரட்டியதை லாபமாக்குவது அவன் தருகிற காசு. அறை நிரம்ப நிரம்ப, 'இங்கே யார் இருந்தார்கள்' என்ற கேள்வி பழசாகிப் போகும். வேலை கிடைப்பதும் உண்மைதான். சொந்த மண்ணில் கூலிக்குப் போவதை நாம் காலங்காலமாகப் பார்த்தவர்கள், அதை விடுதலை என்று சொல்ல நமக்கு வாய் வராது.

பத்திரம் இருந்தால் மட்டும் காப்பாற்றிவிடுமா? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892இல் நமக்கென்று ஒதுக்கியது பஞ்சமி நிலம். அடுத்த சாதிக்கு விற்றால் செல்லாது என்று நிபந்தனையே இருந்தது. அப்படியும் பறிபோனது. காரணைப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. பத்திரம் இல்லாதவனிடம் 'பத்திரம் எங்கே' என்பான். பத்திரம் இருக்கிறவனிடம் துப்பாக்கியைக் காட்டுவான்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். நிலத்தின் மேல் உரிமை காகிதத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. மூன்று தலைமுறை பனை ஏறிய காலுக்கும் அந்த மண்ணில் பங்கு உண்டு. காணி விடுவிப்பு என்று பேசுகிற தமிழ்த் தலைவர்கள் உறுதி இல்லாதவர்களின் பட்டியலையும் கையில் எடுக்கட்டும். எடுக்காத வரை அது பழைய சொந்தக்காரனுக்குப் பழைய குடியானவனைத் திருப்பிக் கொடுக்கிற வேலைதான்.

பயணம் போகிறவர்களுக்கும் ஒன்று. போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் வாடகை கேட்கிற வாயால் இதையும் கேளுங்கள்: இந்த விடுதி நிற்கிற இடத்தில் யார் வீடு இருந்தது? பதிலாகச் சொந்தக்காரர் பெயரைச் சொன்னால் அதோடு விடாதீர்கள். அவர் வளவில் குடிசை போட்டிருந்தது யார் என்று இன்னொரு தரம் கேளுங்கள்.