முதற் பாடமும் முதற் கேள்வியும்

ஒருவன் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் ஏந்தும்போது தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி யாது? எவ்வாறு பிடிப்பது, எவ்வாறு மருந்திடுவது, எவ்வாறு குறி பார்ப்பது என்பனவெல்லாம் பின்னர் வருவன. அவற்றிற்கு விடை கூற ஆசிரியர்கள் உளர். முதற் கேள்வியையோ எந்த ஆசிரியரும் கற்பிப்பதில்லை. அக்கேள்வி தவறாகக் கேட்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு, அந்தமான் தீவில் கைதிக் குடியேற்றம் தோன்றிய வரலாறே சான்று பகரும்.

1853ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் என்ஃபீல்டு என்னும் புதிய ரைபிளை அமைத்தனர். குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இடப்படும் துப்பாக்கி அது. குழலின் நீளம் 39 அங்குலம், உள்விட்டம்.577 அங்குலம். உட்புறத்தில் மூன்று சுருள் பள்ளங்கள் உண்டு. அவை குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்தும். பழைய துப்பாக்கி நூறு கஜத்திற்கு அப்பால் குறி தவறும். இதுவோ முகம் தெரியாத தொலைவில் நிற்பவனையும் வீழ்த்த வல்லது. இதனை வங்காளப் படையின் சிப்பாய்களுக்குக் கற்பிக்க 1857ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டம்டம், அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன.

பாடம் இதுதான்: மருந்தும் குண்டும் சேர்த்துச் சுருட்டிய காகிதத் தோட்டாவை எடுத்து, அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். தோட்டாவைத் திருப்பி, கொழுப்புப் பூசிய குண்டு முனையைக் குழல்வாயில் வைத்து, இரும்புக் கோலால் அடிவரை இடித்துச் செலுத்த வேண்டும். பின் செப்புத் தொப்பியைப் பொருத்தி, சுத்தியலைப் பின்னிழுத்து, குறி பார்த்துச் சுட வேண்டும். முதல் நாளில் ஒவ்வொரு செயலுக்கும் சிந்தனை தேவை. பழகியபின் நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை கை தானே இயங்கும். படைப் பயிற்சியின் நோக்கம் முழுவதும் இதுவே: செயலுக்கும் செயலுக்கும் இடையே மனம் நிற்கும் இடத்தை இல்லாமற் செய்வது. ஆகவே கேள்வி கேட்பதற்குரிய காலம் முதற் பாடத்தின் காலமே.

சிப்பாய்கள் கேள்வி கேட்கத்தான் செய்தனர். அது எழுந்த விதம் நம்மனோர் ஊன்றி நோக்கத்தக்கது. 1857 ஜனவரியில் டம்டத்தில், தாழ்ந்த சாதியினன் எனப்பட்ட ஒரு தொழிலாளி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவருடைய செம்பிலிருந்து பருகத் தண்ணீர் கேட்டான். செம்பு தீட்டாகும் என்று சிப்பாய் மறுத்தார். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசிய தோட்டாவைக் கடிக்கப் போகும் உமக்குச் சாதி எங்கே நிற்கும் என்று அத்தொழிலாளி திருப்பிக் கேட்டதாக அக்கால அதிகாரிகள் எழுதி வைத்துள்ளனர். அச்சொல் பாசறைதோறும் பரவியது.

சிப்பாய்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. சாதியிலிருந்து விலக்கப்படுதல் அவர்களுக்கு உயிரோடு இறத்தலாகும். ஒதுக்கப்படுவதன் துயரம் யாதென்பதை நம்மினும் நன்கு அறிந்தார் யார்? கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் பல உண்டு. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வியை மட்டும் எடுத்து ஆராய்வோம். இக்காகிதத்தில் பூசியிருப்பது யாது என்று கேட்டனர். இக்குண்டு எங்கே சென்று தைக்கும் என்று கேட்டாரில்லை.

அரசினர் கொழுப்பைப் பற்றிய கேள்விக்கு விடை கண்டனர். வேண்டிய பூச்சைச் சிப்பாய்களே பூசிக்கொள்ளலாம் என்றனர். பல்லால் கடியாமல் கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையும் மாற்றினர். ஐயம் தீரவில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில் 90 குதிரை வீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10ஆம் நாள் பெருங்கிளர்ச்சி மூண்டது. கொழுப்பை நீக்கினாலும் குண்டு குண்டாகவே இருந்தது என்பது மட்டும் இரு தரத்தாருக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

தீட்டு எங்கே உறைகிறது? உண்ணும் பொருளில் அன்று, கொலையிலும் வன்மத்திலும் வஞ்சத்திலுமே துர்நாற்றம் உள்ளது என்பது சுத்த நிபாதத்தின் ஆமகந்த சூத்திரம் உணர்த்தும் கருத்து. செயலின் உயிர் சேதனையே என்பது பகவானின் போதனை. போரில் மாண்ட வீரன் சுவர்க்கம் புகுவானோ என்று வினவிய படைத்தலைவனுக்கு, பகவான் இருமுறை விடை கூறாது, மூன்றாம் முறையே கூறினார்: பிறர் மடிக என்று எண்ணும் மனம் அக்கணமே தாழ்ந்துவிடுகிறது என்பது அவ்விடையின் சாரம். ஆனந்தரோ கிணற்றடியில் சண்டாளப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டபோது, தாம் கேட்டது தண்ணீரே, சாதியன்று என்றார். ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டே இரு நெறிகளின் வேறுபாட்டை அளந்துவிடலாம்.

கிளர்ச்சி முற்றும் அடங்கும் முன்பே, 1858 மார்ச் 10ஆம் நாள், டாக்டர் வாக்கர் என்னும் அதிகாரி 200 கைதிகளுடன் அந்தமானில் சாத்தம் தீவையடைந்தார். கடல் கடத்தலே சாதியைக் கெடுக்கும் என்று அஞ்சியவர் பலர் அதில் இருந்தனர். அவர்களுக்காகக் காடு அழிக்கப்பட்டது. அக்காட்டுக்கு உரியவரான பெரிய அந்தமானியர் வில்லும் அம்பும் கொண்டு எதிர்த்தனர். 1859 மே மாதத்தில் அபெர்டீனில் அவர்கள் திரண்டு தாக்கியபோது, துப்பாக்கியும் கப்பற் பீரங்கியும் அவர்களை விரட்டின. முன்னெச்சரிக்கை தந்தவர் தூத்நாத் திவாரி. தப்பியோடி ஓராண்டுக்கு மேல் அம்மக்களால் காக்கப்பட்டு அவர்களிடையே வாழ்ந்த சிப்பாய்க் கைதி அவர். 1860இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. அம்மக்களைப் பெரிதும் அழித்தவை குண்டுகள் அல்ல, 1877ஆம் ஆண்டின் தட்டம்மை போன்ற நோய்கள். ஆனால் நோய்க்கு வழி திறந்தது துப்பாக்கியே. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் 625 பேர். 1961இல் 19 பேர். கொழுப்பைப் பற்றிய வழக்கில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள் அவர்கள்.

இவையெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடலாகாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிரைக் காக்கும் உண்மையான தேவைக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தரும் வழியை இன்றும் கூறுகிறது. அந்தமானிலோ, ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் பெருகித் தளிர்களை மேய்கின்றன. ஓர் உழவர் பயிரிழந்து வருந்தி, தமக்கென முதன்முதலாக ஒரு நாட்டுத் துப்பாக்கி பெறக் கருதினால், அவருடைய துன்பத்தை நாம் சிறிதென்று கூறோம். உரிமம் பெற்றாலும் காட்டு விலங்கைக் கொல்ல 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே தடை விதிக்கிறது என்பதை மட்டும் அவர் முதலில் அறிதல் நன்று.

அதற்கு அப்பால் அவர் கருத வேண்டியது ஒன்றுண்டு. என்ஃபீல்டின் காகிதம் மருந்தையும் குண்டையும் ஒன்றாகச் சுருட்டி, இரண்டு முடிவுகளை ஒரே முடிவாக்கியது. நாட்டுத் துப்பாக்கியில் அவை வேறுவேறு. மருந்தை இடுவது ஒரு செயல். குண்டை இடுவது மற்றொரு செயல். மருந்து மட்டும் இட்ட துப்பாக்கி பேரொலி எழுப்பும், மான் வெருண்டோடும், பயிர் பிழைக்கும். அவ்விரு செயல்களுக்கும் இடையே, கையில் கோலுடன், உழவர் சற்று நிற்கலாம். காத்தல் என்பதும் கொல்லல் என்பதும் பிரியும் இடம் அதுவே. சிப்பாய்க்கு அவ்விடம் கொடுக்கப்படவில்லை. இவருக்கோ அது கையிலேயே இருக்கிறது.

அன்பர்களே, சீலம் என்பது பொருளைத் தொடாதிருத்தல் மட்டுமன்று. செயலுக்கு முன் நிற்கக் கற்றலாகும். துப்பாக்கி ஏந்தாதார்க்கும் இது பொருந்தும். ஒரு சொல்லையோ ஒரு கோபத்தையோ நாவில் இட்டு இடித்துக் கெட்டிக்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது எவரைச் சென்று தைக்கும்?