அறிவதற்காக அறுப்பது

அறிவுக்கு வழியாகக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் ஒப்புக்கொண்டிருக்க, உலகாயதன் மட்டும் காட்சி ஒன்றே போதுமென்று பிடிவாதமாக நின்றான் என்பது தத்துவ நூல்களைப் புரட்டியவர்கள் அறிந்த பழைய வழக்கு. அந்த வழக்கு மடத்துத் திண்ணையிலேயே தீர்ந்துவிட்டதென்று எண்ணுகிறவர்கள், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டு சஸ்திர சிகிச்சைக்குக் காத்திருப்பவனிடம், நோய் பரவியிருக்கிறதா என்றறியச் சுரப்பியோடு இடுப்பிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடலாமா என்று வைத்தியர் கேட்கும் தருணத்தைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

1904-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங் என்பவர் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுவதும் அகற்றியபோது, உதவிக்கு நின்றவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மார்பகப் புற்றுநோயில் அக்குள் முடிச்சுகளையும் மார்புத் தசைகளையும் வேரோடு களைய வேண்டும் என்ற கொள்கைக்குப் பேர்போன அவர், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே யங் கத்தி வைத்த அந்த வழியில் இடுப்பு முடிச்சுகள் கைக்கு எட்டாதிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது சரித்திரத்தின் வேடிக்கைகளுள் ஒன்று. நோய் படிப்படியாகவே பரவும் என்ற அனுமானத்தின்மேல் எழுந்த அவருடைய கொள்கையை, 1971-ல் தொடங்கிய பெர்னார்ட் ஃபிஷரின் ஆராய்ச்சி அசைத்தது. அக்குளில் நோய் தென்படாத பெண்களுக்கு முடிச்சுகளை முன்கூட்டி எடுத்ததால் ஆயுள் நீளவில்லை.

இன்றோ, இடுப்பின் பெரிய இரத்தக் குழாய்களின் ஓரமாகவும், தொடைக்குச் செல்லும் அப்டுரேட்டர் நரம்பைச் சுற்றியும் படர்ந்த கொழுப்பை வழித்தெடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஃபார்மலினில் ஊறிய அந்த மஞ்சள் கொழுப்பை விரல்களால் நசுக்கிப் பார்த்து, மொச்சைக் கொட்டைபோலத் தட்டுப்படுவதைப் பொறுக்கி, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைக்கிறார் நிபுணர். உலகாயதன் மெச்சும் காட்சிதான் இது; ஆனால் உடலைக் கொடுத்து வாங்கிய காட்சி. வழி அறுந்த நிணநீர் வயிற்றடியில் தேங்கலாம், கால் வீங்கலாம், இரத்தம் குழாயில் உறையலாம். சீவிய இடத்தில் காணாத நோயணு சீவாத இடத்தில் ஒளிந்திருக்கலாமாதலால், காட்சியும் பூரணமன்று.

கருதலின் பங்கும் இதில் உண்டு. புராஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் இரத்தத்தில் உள்ள அளவு, திசுச் சோதனையில் நோயின் கடுமையைக் காட்டும் கிளீசன் மதிப்பு, கட்டியின் நிலை ஆகியவற்றைக் கூட்டி, முடிச்சில் நோயிருக்கும் சாத்தியத்தைக் கணிக்கிறார்கள். ஐரோப்பியச் சிறுநீரியல் வல்லுநர்கள் வெகுகாலம் 5 சதவீதத்தை எல்லையாகக் கொண்டிருந்தனர். அதாவது, கணிப்பு மெய்யானால், அந்த எல்லையில் நிற்கும் 100 பேரில் 95 பேர் குற்றமற்ற உறுப்பை இழப்பார்கள். இதனை ஐவருக்காக மற்றவர் செய்யும் தியாகம் என்று சிலர் புகழக்கூடும். எனக்கு அது பொருந்தவில்லை. தான் அந்த ஐவரில் ஒருவனோ என்ற அச்சத்தில், ஒவ்வொருவனும் தனக்காகவே சம்மதிக்கிறான்; அதில் குறையொன்றும் இல்லை.

எடுப்பதனாலேயே நோய் தீருமென்று உறுதிப்பட்டிருந்தால் இந்த விசாரத்துக்கே இடமிராது. பிரேசிலிலும் நியூயார்க்கிலும் நடந்து 2021-ல் முடிவு வெளியான இரு ஆராய்ச்சிகள், முடிச்சுகளைக் குறைவாக எடுத்தவரையும் விரிவாக எடுத்தவரையும் ஒப்பிட்டு, நோய் திரும்புவதன் அறிகுறியாகப் பி.எஸ்.ஏ. மீண்டும் தலைதூக்குவதில் பேதம் காணவில்லை. பல ஆண்டுக் கணக்கு வேறுவிதமாகவும் பேசக்கூடும் என்பது மெய்யே. ஆயினும் இந்த அறுப்பின் நிச்சயமான பலன் இப்போதைக்கு ஞானம் ஒன்றுதான். அந்த ஞானம் ஹார்மோன் சிகிச்சையையோ கதிர்வீச்சையோ தீர்மானிக்க உதவுமிடத்து அறுப்பது நியாயம். எப்படியிருந்தாலும் செய்வது இன்னதே என்று முன்பே முடிவாகியிருக்குமாயின், அது வெறும் அறியும் ஆவலுக்காக ஓர் உடலைத் திறப்பதாகும்.

மூன்றாம் அளவையான உரை இங்கே வைத்தியரின் வாக்கு. நம்பத்தக்கவனான ஆப்தனைக் கேள்வி கேட்பது அபசாரமன்று. ஆகவே, சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் கேளுங்கள்: என் வரையில் கணிப்பு எத்தனை சதவீதம்? முடிச்சில் நோயிருந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள், இல்லையென்றால் எதைச் செய்யாமல் விடுவீர்கள்?