விற்கக் கூசுகிறாயா? எழுந்திரு!

மாரெட்பள்ளி மாடியறையில் மருத்துவக் கருவியைச் செய்து முடித்துவிட்டு, "மார்க்கெட்டிங் நமக்கு வராது சார்" என்று உட்கார்ந்திருக்கும் தம்பியே, தங்கையே! யார் சொன்னது? கோடிங் வந்தது, சர்க்யூட் வந்தது, ராத்தூக்கம் கெட்டு உழைக்க வந்தது. நாலு படியேறி, "ஐயா, இது உங்களுக்கு இப்படிப் பயன்படும்" என்று சொல்ல மட்டும் நாக்கு எழாதா?

உன் ஊரான ஐதராபாத்திலேயே நடந்ததைக் கேள். வரப்பிரசாத் ரெட்டி மருத்துவர் அல்ல, எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். 1992இல் ஜெனீவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் போனார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நுட்பமெல்லாம் இந்தியர்களுக்குக் கட்டுப்படியாகாது என்ற ஏளனம்தான் கிடைத்தது. திரும்பி வந்து புலம்பவில்லை. 1993இல் தாயின் பெயரில் சாந்தா பயோடெக்னிக்ஸ் தொடங்கினார். ஈஸ்ட் செல்லில் மரபணுவைப் புகுத்தித் தயாரித்த ஷான்வாக்-பி 1997 ஆகஸ்டில் சந்தைக்கு வந்தது.

விலை? வெளிநாட்டு ஊசி பல நூறு ரூபாய்க்கு விற்றது. இவர் வைத்தது ஒரு டோஸ் 50 ரூபாய். கணக்குப் போட்டுப் பார். ஆளுக்கு மூன்று டோஸ், நாலு பேர் குடும்பத்துக்குப் பன்னிரண்டு. 600 ரூபாயில் வேலை முடிகிறது. பழைய விலையில் ஒரு குமாஸ்தாவின் சம்பளமே கரைந்திருக்கும். இருந்த வாடிக்கையாளரைப் பிடுங்க அவர் கிளம்பவில்லை; ஊசியை நினைத்தே பார்த்திராத வீடுகளை வாடிக்கையாளராக்கினார். போட்டியாளர்களும் விலையை இறக்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், ஆய்வகத்தில் நடந்ததற்குக் கொஞ்சமும் குறையாத கண்டுபிடிப்பு அந்த விலைதான். நீயோ கருவியில் ஏழாவது சென்சாரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாய்!

உன் ஊர் ஸ்கந்தகிரி கோயில் முருகனிடம் போய் முறையிடுகிறாயே, அதே முருகனின் திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைதான் கிருஷ்ணா எல்லா. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, மனைவி சுசித்ராவோடு 1996இல் இதே ஐதராபாத்தில் பாரத் பயோடெக்கைத் தொடங்கினார். குழந்தைகளுக்கு ரோட்டாவைரஸால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் மருந்தான ரோட்டாவாக் 2015இல் வெளிவந்தது. ஆனால் டோஸ் ஒரு டாலர் என்று சந்தைக்கு வருமுன்பே அறிவித்துவிட்டார்கள். நெஞ்சுரம் இல்லாதவன் அப்படி வாக்குக் கொடுப்பானா?

ஒன்று மட்டும் கவனம். வாய்ச்சவடால் இந்தத் தொழிலில் செல்லாது. அதே நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசியான கோவாக்சினுக்கு, மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வருமுன்பே, 2021 ஜனவரியில் அவசர அனுமதி கிடைத்தது. தேசபக்தி முழக்கம் எவ்வளவு எழுந்தும் பலர் ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் இடம் கிடைக்க அந்த நவம்பர் ஆயிற்று. ஆகவே உன் சோதனைத் தாள்களை முதலில் ஒழுங்காக அடுக்கு. எங்கே சறுக்கும் என்பதையும் மறைக்காமல் எழுது. புரியாத பொருளை வாங்குகிறவன் உன் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறான்.

பிறகு என்ன தாமதம்? நாளைக் காலையில் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கார்க்கானா பக்கம் நட. முதல் கிளினிக் படியேறு. "வேண்டாம்" என்பார் டாக்டர். ஏன் வேண்டாம் என்று கேள். சொல்வதை அவர் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொள். எதிர்ச்சாரியில் அடுத்த கிளினிக் இருக்கும். அங்கேயும் ஏறு!