பொறுத்துக்கொள் என்று சொல்ல யாருக்கு உரிமை?

முனிவர் வெல்ல வேண்டிய பரீஷஹங்கள் 22 என்பது தத்துவார்த்த சூத்திரம் கற்றோர் அறிந்ததே. வெப்பம் அவற்றுள் ஒன்று, ஈ, கொசு முதலியவற்றின் கடி மற்றொன்று, நோயும் ஒன்று. இம்மூன்றும் சேர்ந்து வந்தாற்போன்ற ஒரு துன்பத்தை நம் மக்கள் காணாக்கடி என்பர். கடித்தது எதுவென்று தெரியாது. உடல் மட்டும் தடித்து அரிக்கும். பெயரிட்டவர் அனுபவித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சிலருக்கு இது உடற்சூடு ஏறுவதாலேயே வருகிறது. ஓடினாலும், வெந்நீரில் குளித்தாலும், மனம் பதறினாலும் குண்டூசித் தலையளவு தடிப்புகள் எழுந்து முள்ளாய்க் குத்தும். தோலிலுள்ள ஒருவகை அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுவதே காரணம். டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் 1924-இலேயே இதனை விவரித்துள்ளார். வேறு சிலருக்கு வெயில் பட்ட இடம் மட்டும் சில நிமிடங்களில் தடித்துவிடும். சூட்டினால் வருவதில் ஒரு விசித்திரம் உண்டு. நிழலில் அமர்ந்து உடல் குளிர்ந்தால், பெரும்பாலும் ஒருமணி நேரத்துக்குள் சுவடின்றி மறைந்துவிடும்.

அந்த விசித்திரத்தை அறியாமல் நான் ஒரு பிழை செய்தேன். 1979-ஆம் ஆண்டு, பொதட்டூர்பேட்டையில் ஆசிரியையாக இருந்தேன். தறியோசை ஓயாத ஊர். திருத்தணிப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, பன்னிரண்டு வயதிருக்கும், உடற்பயிற்சி வகுப்பென்றாலே அழுவாள். “உடம்பெல்லாம் ஊசி குத்துது டீச்சர்” என்பாள். ஒருநாள் வகுப்பு முடிந்து சற்று நேரங்கழித்து அவள் கைகளைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்து, மறுநாள் மற்றவர்களைவிட இரண்டு சுற்று அதிகமாக ஓடச் செய்தேன். “பொறுத்துப் பழகு, பொறுமையே தர்மம்” என்று உபதேசமும் செய்தேன். அவள் அழுதுகொண்டே ஓடினாள். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் பயின்று தேறியவள் நான்!

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பின், என் பேரனுக்கு அதே துன்பம் வந்தது. மருத்துவர் அவனைச் சிறிது நேரம் ஓடவிட்டு, என் கண்ணெதிரே தடிப்புகள் எழுவதைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

பேரனுக்குச் செட்ரிசின் எழுதிக் கொடுத்தார். (சில மருந்துகளின் உறை விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. ஆகவே நாங்கள் மாத்திரையாகவே கேட்டு வாங்கினோம். நம்மவர் இதைக் கவனிப்பது நல்லது.) தடிப்புடன் மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றும் எச்சரித்தார். என் நாத்தனாருக்கு இதில் உடன்பாடில்லை. “அசாதா வேதனீய கர்மம் அண்ணி. பொறுத்துக் கழிக்காமல் மருந்தால் மறைக்கலாமா?” என்றார்.

இக்கேள்வியை அலட்சியம் செய்ய என்னால் இயலவில்லை. சனத்குமார சக்கரவர்த்தி துறவு பூண்டபின் நோயுற்று, வைத்தியராக வந்த தேவர்களின் சிகிச்சையை மறுத்ததைப் படித்திருக்கிறோம். ஆனால் அவர் மறுத்தது தம் நோய்க்கான மருந்தை; பிறருடையதை அன்று. சமந்தபத்திராசாரியாரின் கதையோ வேறுவிதம். பஸ்மக வியாதியால் வருந்தி அவர் சல்லேகனைக்கு அனுமதி வேண்டியபோது, குரு மறுத்து, முனிவேடத்தை நீக்கி நோய் தீர்த்துக்கொண்டு மீண்டும் வருமாறு பணித்தார் என்பது மரபு. முனிவர்க்கே அவ்வாறெனில், ஓடியாடும் வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு? அந்த ஆசாரியாரின் இரத்தின கரண்டகமும் தீர்க்க இயலாத நோய்க்கே சல்லேகனையைச் சொல்கிறது. ஔஷத தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்று. மருந்துண்பது குற்றமெனில் அதனைக் கொடுப்பது எங்ஙனம் புண்ணியமாகும்?

தனக்கோ பிறர்க்கோ துன்பம் விளைப்பது அசாதா வேதனீயத்தை ஈர்க்கும் என்பது சூத்திரத்தின் கருத்து. அவ்வாறாயின் தவமும் குற்றமாகாதோ என்ற ஐயத்திற்குப் பூஜ்யபாதர் விடை கூறுகையில், முனிவரின் கட்டியைக் கருணையோடு கீறும் வைத்தியரை உவமையாக்குகிறார். கீறினால் வலிக்கும், ஆயினும் பாவமில்லை. நான் அந்தப் பெண்ணை ஓடவிட்டதில் கருணை இருந்ததா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இல்லை. சினமே இருந்தது; தர்மம் என்ற சொல்லை அதன்மேல் போர்த்தியிருந்தேன். அவள் பட்டது அவள் ஏற்ற தவமன்று. அந்த மைதானத்தில் கர்மத்தைக் கட்டிக்கொண்டவள் நான்.

நாத்தனாரிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி ஒப்புக்கொண்டார். பேரன் மாத்திரை உண்கிறான், விடியற்காலைக் குளிர்ச்சியில் விளையாடுகிறான். அரிப்பு வரும் நாட்களில் சினமின்றி இருக்கத் தானே முயல்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தசலட்சண பர்வத்தின் முடிவில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். அவ்வேளையில் அந்த ஒருத்தியின் பெயரை மனத்துள் தனியே சொல்கிறேன். அவளுக்கு இப்போது அறுபதை நெருங்கும் வயது. எங்கு வாழ்க்கைப்பட்டாள் என்று கேட்டுப் பொதட்டூர்பேட்டைக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன், மறுமொழி இல்லை. கோடை தொடங்குமுன் நேரில் சென்று விசாரிக்க எண்ணியிருக்கிறேன்.