குணமான பிறகு நாம் யார்?

மனச்சோர்வு நோயிலிருந்து மீண்டு வந்தவரைப் பார்த்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "இப்ப எப்படி, பரவாயில்லையா?"

"பரவாயில்லை" என்று சொல்லிவிடலாம். தூக்கம் வருகிறது, பசிக்கிறது, காலையில் எழ முடிகிறது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேள்வி வரும். அதை யாரும் நம்மிடம் கேட்பதில்லை, நாமே நம்மைக் கேட்டுக்கொள்கிறோம். "எதற்கும் உதவாமல் படுத்துக் கிடந்தேனே, இனி நான் மதிப்புள்ளவன் என்று எதை வைத்துச் சொல்வது?"

நண்பர்களே, இந்தக் கேள்வியோடு நானும் வாழ்ந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நோய் வந்தது. படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். மருந்து, ஆலோசனை, அம்மாவின் பொறுமை என்று சில மாதங்கள் போயின. மெல்லத் தேறினேன்.

தேறியதும் நான் செய்த முதல் வேலை ஒரு பட்டியல் போட்டதுதான். அடுத்த செமெஸ்டரில் எல்லாப் பாடத்திலும் 'ஏ', தினமும் 5 கிலோமீட்டர் ஓட்டம், பகுதி நேர வேலை. இழந்ததை எல்லாம் ஒரே மூச்சில் பிடித்துவிட வேண்டும், அப்போதுதான் மறுபடியும் மனிதனாகத் தலைநிமிர முடியும் என்று நினைத்தேன். மூன்றே வாரத்தில் எல்லாம் நின்றுபோனது. "பார்த்தியா, உன்னால முடியாது" என்று அந்தப் பழைய குரல் திரும்பவும் கேட்டது.

எங்கே தவறினேன் என்று பிறகுதான் விளங்கியது. தன்னம்பிக்கையையும் தன்மதிப்பையும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

தன்னம்பிக்கை என்பது 'இந்தக் காரியம் என்னால் முடியும்' என்ற எண்ணம். அது செய்து செய்துதான் வளரும். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-ல் எழுதியதும் இதைத்தான். நம்மால் முடியும் என்ற எண்ணம் வலுப்பட மிகப் பெரிய காரணம், நாமே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் என்றார் அவர். பிறர் தரும் ஊக்கமும் உதவும். ஆனால் கைப்பட்ட அனுபவத்துக்கு ஈடாகாது. அதனால்தான் "தைரியமா இரு லா, பாசிட்டிவா யோசி" என்று எத்தனை பேர் சொன்னாலும் உள்ளே ஒன்றும் ஏறுவதில்லை.

தன்மதிப்பு வேறு. 'முடிந்தாலும் முடியாவிட்டாலும் நான் ஒரு பொருட்டு' என்பது அது. நோய் நம் தன்னம்பிக்கையை உண்மையிலேயே குறைக்கிறது. பல மாதம் செய்யாமல் விட்ட வேலையில் கை தடுமாறத்தானே செய்யும்? ஆனால் நம் மதிப்பை அது தொடவே இல்லை. போய்விட்டது என்று நம்மை நம்ப வைக்கிறது, அவ்வளவுதான்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் தாமான் கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் ஒரு பாட்டி. ஒருநாள் அம்மாவோடு போனபோது, "தம்பி, வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து காய் நறுக்கிக் குடுக்கிறியா? ஆளு பத்தல" என்றார். முதல் வாரம் பயத்தங்காய் மட்டும். அடுத்த வாரம் பூசணிக்காயும் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்துச் சாம்பார் கொப்பரையே என் பொறுப்பானது. படிப்பில் வராத நம்பிக்கை அரிவாள்மணையில் வந்தது. சிறிய வேலைதான். ஆனால் சொன்ன நாளில் போனேன், சொன்னதை முடித்தேன். எனக்கு நானே கொடுத்த வாக்கு ஒவ்வொன்றாக நிறைவேறியது.

ஒரு வெள்ளிக்கிழமை போக முடியவில்லை. காரணம் எதுவும் இல்லை, மனம் எழவில்லை. போர்வைக்குள் கிடந்தபடி, "அவ்வளவுதான், பாட்டியும் இனி நம்ப மாட்டார்" என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வாசலில் பாட்டி நின்றார், கையில் தூக்குச் சட்டி.

"நேத்து உன் பங்க எடுத்து வெச்சிட்டேன். பசியாறிட்டியா?"

"நான்தான் வரலையே பாட்டி."

"வரலன்னா பங்கு இல்லன்னு யாருடா சொன்னா?"

அன்னதான வரிசையில் வந்து உட்காருகிறவரிடம், "நீ என்ன வேலை செய்தாய்? எத்தனை 'ஏ' வாங்கினாய்?" என்று யாரும் கேட்பதில்லை. பசியோடு வந்தவருக்கு இலை உண்டு. சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் ஊருக்கெல்லாம் பொருந்தும் அந்த முறையை எனக்கு மட்டும் பொருத்திப் பார்த்ததே இல்லை. எனக்கு நானே, 'முதலில் சாதித்துக் காட்டு, பிறகு சோறு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மதிப்பு சும்மாவே இருக்கிறது என்றால் ஏன் முயல வேண்டும்? இது சோம்பேறிக்குச் சொல்லும் சமாதானம் இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் அனுபவம் நேர்மாறானது. ஒவ்வொரு பரீட்சையிலும் தன் மதிப்பையே பணயம் வைக்கிறவன், தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் பேனாவையே தொட மாட்டான். தோற்றாலும் தனக்கு ஓர் இலை இருக்கிறது என்று தெரிந்தவன்தான் துணிந்து முயல்வான். தோற்றால், சிரித்துவிட்டு மறுபடியும் வருவான்.

சரி, அந்த நோய்க் காலத்தை என்ன செய்வது? மறைப்பதா? பகவத் கீதையின் 18 அத்தியாயங்களில் முதல் அத்தியாயத்தின் பெயர் அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துயரம். அர்ஜுனனுக்கு வந்தது நாம் பேசும் நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வில் நழுவி, உடல் நடுங்கி, உட்கார்ந்துவிட்ட அந்த நேரத்தை நம் பெரியவர்கள் நூலிலிருந்து நீக்கிவிடவில்லை. அதுவும் ஓர் அத்தியாயம் என்று பெயர் கொடுத்தார்கள். நம் வாழ்க்கையிலும் அது ஓர் அத்தியாயமாக இருக்கட்டும். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது நம் விருப்பம். எல்லாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வெட்கப்பட்டுப் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மீண்டு வரும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். நன்றாக இருக்கிறதே என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரும்படி மருத்துவர்கள் சொல்வது வழக்கம். காரணம், நோய் திரும்பி வரக்கூடியது. அப்படி வந்தால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை, மறுபடியும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். வாரத்துக்கு ஒரு சிறிய பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், முடிந்தால் உங்களை எதிர்பார்க்கும் ஒருவர் இருக்கும் இடத்தில். மலேசியாவில் இருப்பவர்கள், மனம் தாங்காத நேரத்தில் 15555 என்ற ஹீல் எண்ணையோ, 03-76272929 என்ற பிஃப்ரெண்டர்ஸ் எண்ணையோ அழைக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. "பழையபடி எப்ப ஆவே?" என்று கேட்காதீர்கள். செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். அதை அவர் செய்யாத நாளிலும் அவருடைய பங்கை எடுத்து வையுங்கள்.

நான் படிப்பை முடித்துவிட்டேன், எல்லாரையும்விட ஓராண்டு தாமதமாக. இப்போது வேலைக்கும் போகிறேன். விடுமுறையில் ஊருக்குப் போனால் வெள்ளிக்கிழமை மடப்பள்ளியில்தான் இருப்பேன். யாராவது ஒரு பையன் வராமல் போனால், பாட்டி சொல்லாமலேயே ஒரு தூக்குச் சட்டியை எடுத்து வைத்துவிடுகிறேன்.