ஆராதனை பெற்ற சுவர்

கான்சாபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆடி அமாவாசை நெருங்கினால் சதுரகிரி மலையேறுகிறவர்கள் வத்திராயிருப்பைக் கடந்து தாணிப்பாறைக்குச் சாரிசாரியாகப் போவார்கள். அதே ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் தேர் புறப்படும்; சுற்றுவட்டாரமே திரண்டு வடம் பிடிக்கும். இந்த மண்ணில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்கும் பிள்ளை, விக்கிரகாராதனை என்ற சொல்லை ஓய்வுநாள் பாடசாலையிலேயே கற்றுக்கொள்கிறது. கற்ற நாள் முதல் அது அடுத்த தெருவுக்கு உரிய பாவம் என்றே மனதில் பதிந்துவிடுகிறது. நாம் சிலை வைத்துக் கும்பிடுவதில்லை. பத்தில் அந்த ஒரு கட்டளையையாவது மீறாமல் இருக்கிறோம் என்ற நிம்மதி நமக்கு.

அந்த நிம்மதியைத்தான் நான் ஆபத்து என்கிறேன். வேதாகமத்தை நிதானமாக வாசிக்கிறவருக்கு அது நிலைக்காது.

சீனாய் மலையடியில் பொன் கன்றுக்குட்டியைச் செய்தது யார்? மோசேயின் அண்ணன், ஆசாரியனாகிய ஆரோன். பொன் எங்கிருந்து வந்தது? ஜனங்களின் காதணிகளிலிருந்து. செய்து முடித்தபின் அவன் கூறிய அறிவிப்பைப் பலர் கவனிப்பதில்லை: மறுநாள் கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான் அறிவித்தான். வேறு தெய்வத்திடம் போகிறோம் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. தங்களை எகிப்திலிருந்து மீட்டவரையே தங்கள் வசதிக்கு ஏற்ற உருவில் வைத்துக்கொள்கிறோம் என்றே நினைத்தார்கள்.

கிதியோன் கதையும் அப்படித்தான். ஜனங்கள் அவனை ராஜாவாக்க வந்தபோது, கர்த்தரே உங்களை ஆளுவார் என்று மறுத்துவிட்டான். எவ்வளவு பெரிய மனம்! ஆனால் அதே மூச்சில் கொள்ளைப் பொன்னைக் கேட்டு வாங்கி ஓர் ஏபோத்தைச் செய்து தன் ஊரில் வைத்தான். அந்த ஆசாரிய உடையே அவன் வீட்டாருக்குக் கண்ணியாயிற்று. மோசே வனாந்தரத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் இன்னும் ஒரு படி மேல். அதைச் செய்யச் சொன்னவரே கடவுள். அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல தலைமுறைகளுக்குப் பிறகு அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட வேண்டியதாயிற்று. கடவுள் தந்த நல்ல பொருளே விக்கிரகமாக முடியும் என்றால், நம் வீட்டிலும் சபையிலும் எது பத்திரம்?

ஏசாயா பாபிலோனின் தெய்வங்களைப் பரிகசிக்கவில்லையா என்று கேட்கலாம். பரிகசித்தார். கேட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சிறைப்பட்டுப் போய், வென்றவனின் தெய்வமே பெரிய தெய்வமோ என்று தடுமாறிய தன் சொந்த ஜனத்தைத் தேற்றவே அவர் அப்படிப் பேசினார். ஆமோஸ் அண்டை நாடுகளின் பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணும்போது தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் ஆகியவற்றின்மேல் அவர் சுமத்தும் குற்றமெல்லாம் கொடுமை: சிறைப்பட்டவர்களை விற்றது, கர்ப்பிணிகளைக் கீறியது, சகோதரனைப் பட்டயத்தோடு துரத்தியது. அந்தப் பட்டியலில் அவர்களுடைய சிலைகள் இல்லை. சிலையைப் பற்றிய கண்டிப்பான வார்த்தைகளைத் தீர்க்கதரிசிகள் தங்கள் வீட்டுக்கென்றே வைத்திருந்தார்கள்.

விக்கிரகத்தில் அப்படி என்ன ஆபத்து? நான் புரிந்துகொண்டவரை அது இதுதான். நாமே செய்த தெய்வம் நம்மை மறுத்துப் பேசாது. நாம் விரும்பியதை ஆமோதிக்கும், நாம் வெறுப்பவரைத் தானும் வெறுக்கும். உயிருள்ள தேவன் காயீனிடம் வந்து, உன் தம்பி எங்கே என்று கேட்டார். விக்கிரகம் எந்தக் காலத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது. அதனால்தான் அதன்முன் நிற்பது அவ்வளவு சுகமாக இருக்கிறது. 115ஆம் சங்கீதம் இதற்கு மேலும் ஒரு படி போகிறது: வாயிருந்தும் பேசாத, காதிருந்தும் கேளாத அவற்றை நம்புகிறவர்கள் அவற்றைப் போலவே ஆகிவிடுவார்கள் என்கிறது. தண்டனை வெளியிலிருந்து வருவதில்லை. நாம் எதை வணங்குகிறோமோ அதன் செவிட்டுத்தனம் நமக்குள் இறங்குகிறது. பிறகு தம்பியின் அழுகை கேட்காது.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நம்மிடம் அந்தச் செவிட்டுத்தனம் எங்கே தெரிகிறது என்று கேட்டால், நான் முதலில் வடக்கன்குளத்தைக் காட்டுவேன். திருநெல்வேலிச் சீமையின் தெற்கு எல்லையில் இருக்கும் அந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை 1745இல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார், பாடுபட்டார், 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்ட அதே ஊரில், 1872இல் எழுந்த ஆலயம் கால்சட்டை போல இரண்டு கூடங்களாகப் பிரிந்திருந்தது. பிள்ளைமாரும் முதலியாரும் ஒரு கூடத்தில், நாடார் முதலான மற்றவர்கள் மறு கூடத்தில். இரண்டு கூடமும் பீடத்தில் சேரும், நடுவில் சுவர். ஒரே பலிபூசை, ஒரே அப்பம், ஆனால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கத் தேவையில்லை. 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். சுவரை இழந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. ஆலயத்துக்குள் சாதிக்கென்று தனியிடம் கோரும் உரிமை கிடையாது என்று அங்கே முடிவாயிற்று.

இந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் தம்முடைய கிறித்தவமும் சாதியும் என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது என்னைக் கலங்கடித்தது வழக்குதான். ஒரு சுவருக்காக மனிதர்கள் ஆயரை எதிர்த்தார்கள், பணத்தைச் செலவழித்தார்கள், ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். ஆராதனை என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்? எதை இழந்தால் நம் உலகமே இடிந்துவிடும் என்று தோன்றுகிறதோ, எதைக் காக்க மனிதரைக்கூடத் தள்ளிவிடத் துணிகிறோமோ, அதுதான் நம் தெய்வம். பீடத்தில் என்ன இருந்தாலும் சரி, அன்று ஆராதனை பெற்றது சுவர்.

கத்தோலிக்கர் கதை என்று புராட்டஸ்டண்டுகள் ஒதுங்க முடியாது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையை விட்டே பலர் வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மூடநம்பிக்கைகளைச் சாடி சாஸ்திரக் கும்மி பாடியவர். இன்றும் நாம் பாடும் எத்தனையோ கீர்த்தனைகளைத் தந்த பக்தர். அவரே சாதி வேற்றுமை சபைக்குள் தொடரலாம் என்று வாதாடினார். அவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் அந்த ஒரு விக்கிரகம் தெரியவில்லை என்றால், நம் கண்ணை நாம் எவ்வளவு நம்பலாம்?

எங்கள் வட்டாரத்துக்குச் சுவிசேஷம் வந்த விதத்தையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். 1854இல் ராக்லண்ட், ஃபென், மெடோஸ் ஆகிய மிஷனரிகள் வட திருநெல்வேலி ஊர்களில் கூடாரம் போட்டு, ஓரிடத்தில் நிலைத்திராமல் ஊர் ஊராக நடந்தார்கள். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர்பெற்ற ராக்லண்ட் 1858இல் சிவகாசியில் இறந்தார். அவர்கள் கையில் மடக்கி எடுத்துக்கொண்டு போகக்கூடிய துணிக் கூடாரம்தான் இருந்தது. இன்று நமக்கு ஆலயங்கள், பள்ளிகள், கல்லூரிகள், நிலங்கள் எல்லாம் இருக்கின்றன, நல்ல கொடைகள்தான். ஆனால் திருமண்டலத் தேர்தல் வந்தால் இந்தக் கொடைகளுக்காக நடக்கும் சண்டையைப் பார்க்கிறவன், பொருளாசையை விக்கிரகாராதனை என்று பவுல் ஏன் கொலோசெயருக்கு எழுதினார் என்று கேட்கமாட்டான். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம், மணமகன் தேடும் விளம்பரத்தில் விசுவாசத்துக்கு முன்னால் சாதிப் பெயர், கமிட்டிக்கு யார் வரலாம் யார் வரக்கூடாது என்ற எழுதப்படாத கணக்கு: வடக்கன்குளத்தின் சுவர் செங்கல் இல்லாமலும் நிற்கத் தெரிந்துகொண்டது.

சின்ன விக்கிரகங்களும் உண்டு. வருடப்பிறப்பு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, ஆண்டு முழுவதும் கடவுளோடு நடக்கத் தூண்டுகிறதா, அல்லது ஜோசியச் சீட்டின் வேலையைச் செய்கிறதா? ஜெபித்துக் கொடுத்த எண்ணெய், வீட்டுச் சுவரில் மாட்டிய ஊழியக்காரரின் படம், தலையணைக்கடியில் வைத்தால் கெட்ட கனவு வராது என்று நம்பும் வேதப்புத்தகம்: இவற்றில் எதையும் நான் இழிவாகப் பேசவில்லை. பயத்தில் இருக்கும் மனிதர் கையில் பிடிக்க ஏதாவது தேடுவது இயல்பு. ஆனால் கையில் அடங்கும் கடவுளை மட்டுமே தேடிப் பழகிவிட்டால், கேள்வி கேட்கிற கடவுளைத் தாங்கும் பலம் நமக்கு இல்லாமல் போகும்.

அப்படியானால் அண்டை வீட்டாரின் வழிபாட்டைக் குறித்து எனக்கு எந்த நிலைப்பாடும் இல்லையா? இருக்கிறது. நான் சிலை முன் வணங்குவதில்லை. இரண்டாம் கட்டளை என்னைக் கட்டுகிறது, அதை மறைக்கவும் மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பிரசாதம் கொண்டுவந்து நீட்டும்போது என்ன செய்வது என்று கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் மனம் ஒருப்படுவதில்லை. கொரிந்து சபைக்கும் ஏறக்குறைய இதே கேள்விதான் இருந்தது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்களிடம் பவுல், அந்த அறிவைக் காட்டி மற்றவரை இடறச் செய்யாதே, அன்பே கட்டியெழுப்பும் என்ற கருத்தில் எழுதினார். விக்கிரகப் பந்தியில் பங்குகொள்ளாதே என்றும் அதே நிருபத்தில் எச்சரித்தார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த அக்காவின் முகம் வாடாதபடி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எபேசுவில் தெமேத்திரியு என்ற தட்டான் கலகம் மூட்டியபோது, பவுலின் தோழர்கள் கோவிலைக் கொள்ளையிடவுமில்லை, எங்கள் தேவியைத் தூஷிக்கவுமில்லை என்று சாட்சி சொன்னவர் அந்த ஊர்ச் சம்பிரதியே. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று துணிந்து போதித்தவர்கள், ஊராரிடம் அப்படி ஒரு பெயரும் எடுத்திருந்தார்கள். ஆண்டாள் கோவில் கோபுரத்தின் கீழ் வாழும் கிறிஸ்தவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

கடவுள் தமக்கு உருவம் செய்ய வேண்டாம் என்றதற்கு ஆதியாகமம் ஒரு காரணம் தருவதாக எனக்குத் தோன்றுகிறது. அவருடைய சாயல் ஏற்கெனவே பூமியில் இருக்கிறது. அவர் மனிதனைத் தம் சாயலாகவே படைத்தார், ஆணும் பெண்ணுமாக, ஒரு சாதியையும் விட்டுவிடாமல். கல்லில் தேட வேண்டாம், பக்கத்து இருக்கையில் பார் என்கிறது முதல் அதிகாரம். அந்தச் சாயலைத் தொட்டால் தீட்டு என்று சொல்கிறவனும், அதைத் தன் கல்லறைப் பக்கம் வரவிடாதவனும், எத்தனை சிலைகளை மறுதலித்திருந்தாலும் இரண்டாம் கட்டளையை மீறிவிட்டான்.

ஆகவே ஒவ்வொரு சபையும் இந்த ஆண்டு செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கல்லறைத் தோட்டத்தின் வரைபடத்தையும் கமிட்டி உறுப்பினர் பட்டியலையும் எடுத்து மேசைமேல் வைத்து, உன் தம்பி எங்கே என்ற கேள்வியைச் சத்தமாக வாசிக்கட்டும். பதில் சொல்ல முடியாத இடத்தில் கௌசானல் அடிகளார் செய்ததைச் செய்யட்டும். அதைச் செய்யும்வரை, அடுத்த தெருவின் சிலைகளைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை. செய்து முடித்த சபைக்கு அதைப் பற்றிப் பேச அவசரமும் இருக்காது. சகோதரர்களாக ஒன்றுகூடிய சபையைப் பார்த்தே ஊர் உயிருள்ள தேவனைப் பற்றி விசாரிக்கும்.