கல்லின் மீது விழுந்த பழி

ஒருவரைப் பற்றிப் பாதி அறிந்த நிலையில் அவர்மீது தீர்ப்புக் கூறலாமா? இவ்வினாவிற்கு விடை காண, வானில் சுழலும் ஒரு பாறையின் வரலாற்றை நாம் சற்றே நோக்குவோம்.

2004 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிட் பீக் வானாய்வகத்தில் ஒரு குறுங்கோள் கண்டறியப்பட்டது. இரண்டே இரவுகள் தென்பட்டுப் பார்வையினின்று தப்பிய அது, டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் காணப்பட்டது. ஏறத்தாழ 324 நாள்களில் கதிரவனைச் சுற்றும் அதன் பாதை, பூமியின் பாதையை வெட்டிச் செல்வது. 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியின்மீது மோதுமோ என்ற ஐயம் எழுந்தது.

புதிய அளவுகள் சேரச் சேர ஐயம் குறையவில்லை, வளர்ந்தது. டிசம்பர் 27இல், மோதும் வாய்ப்பு 37இல் ஒன்று என்றனர். கல் வரக்கூடிய பரப்பு சுருங்கிக்கொண்டே வந்தது; பூமியோ அதனுள்ளேயே நின்றது. ஆகவே அபாயம் பெரிதாகத் தோன்றிற்று. அன்றே, முந்தைய மார்ச் மாதத்துப் படங்களில் அக்கல்லின் மங்கிய சுவடு கண்டெடுக்கப்பட்டது. கணக்கு நேராயிற்று, 2029இல் மோதல் இல்லை என்பது உறுதியாயிற்று.

இதற்கிடையே கல் தன் வழியை மாற்றிக்கொண்டதா? இல்லை. வல்ல இறைவன் வகுத்த பாதையில்தான் அது சென்றுகொண்டிருந்தது. 37இல் ஒன்று என்பது கல்லின் குற்றமன்று; மனிதர் அறியாமையின் அளவே அன்றோ?

நம் வாழ்வுக்கு வருவோம். நிக்காஹ் பேசுமுன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறோம். ஒருவர் ஒன்று கூறுகிறார். மற்றவர் அதனோடு ஒன்று சேர்க்கிறார். ஐயம் வளர்கிறது. வளர்வதனாலேயே அது உண்மையென்று நம்பிவிடுகிறோம். அவரைப் பல்லாண்டு அறிந்த ஒருவர் அடுத்த தெருவில் இருப்பார்; அவரிடம் கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

அப்படியாயின் ஐயமே கூடாதா? அவ்வாறன்று. பெண்ணைப் பெற்றவர் விசாரிப்பது கடமை. வீண் ஐயத்தை விலக்கும் திருமறையே, வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும் பணிக்கிறது. வானியலார் ஐயத்தை மறைக்கவில்லை, அதைத் தீர்ப்பாக்கவுமில்லை. தேடுவதை நிறுத்தாதிருந்தனர். ஐயம் நீங்கியதும் அதையும் உரக்க அறிவித்தனர். பழியைப் பரப்பும் நாம், அது பொய்யென்று தெரிந்தபின் அதே வீடுகளுக்குச் சென்று மறுக்கிறோமா?

2005இல் அக்கல்லுக்கு அபோஃபிஸ் என்று பெயரிட்டனர். பண்டை எகிப்தியக் கதையில் அழிவைக் குறிக்கும் பாம்பின் பெயர் அது. இன்னும் நூறு ஆண்டுகளுக்கேனும் அதனால் ஆபத்தில்லை என்று 2021இல் ரேடார் அளவுகள் காட்டின. 2029இல் அது பூமிக்கு மேலே ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும்.

பழி நீங்கிற்று, பெயர் நீங்கவில்லை. கல்லுக்கு அதனால் வருத்தமில்லை. மனிதருக்கு உண்டு. நாம் சூட்டிய பெயர்களுக்கெல்லாம் மறுமையில் கணக்கும் உண்டு.